ஃபாரின்ல கார்டு மக்கர் பண்ணுதா? கோளாறு பாத்து சரி பண்ற வழி

மதுரையில இருந்து ஆளுகளக் கூட்டிக்கிட்டு கொழும்பு, சிங்கப்பூர், துபாய்னு போயிட்டு வர்றது தான் என் பொழப்பு. ஒரு ட்ரிப்புக்கு பதினஞ்சு இருபது பேரு வருவாங்க, பாதிப்பேரு ரிட்டயர்டு வாத்தியாரு டீச்சரு, மிச்சம் மாசி வீதிப் பக்கம் கடை வச்சிருக்கவுங்க, அப்புறம் பேரன் பேத்தியப் பாக்கப் போற ஆத்தா ரெண்டு பேராச்சும் இருப்பாங்க. ஃப்ளைட்டு எறங்குன ஒரு மணி நேரத்துக்குள்ள யாராச்சும் ஒருத்தரு வந்து நிப்பாரு, "யம்மா, கார்டு ஓடல". மெஷின்ல என்ன வந்துச்சு சார்னு கேட்டா "என்னமோ வந்துச்சும்மா, அவன் கையக் கைய ஆட்டுறான்"ம்பாரு.

அந்த "என்னமோ" தான் முக்கியம். மெஷின் சொல்ற ஒத்த வரியப் படிச்சாலே கோளாறு கார்டுலயா, பேங்க்லயா, கடைக்காரர் மெஷின்லயான்னு முக்காவாசி தெரிஞ்சிரும். அதப் படிக்காம திருப்பித் திருப்பித் தேச்சா நல்லா இருந்த கார்டும் லாக் ஆகிப்போகும். அதனால ஓடலன்னா முதல் வேலை ஸ்கிரீன போன்ல ஒரு போட்டோ எடுங்க, அடுத்த வேலை மெஷின்ல இருந்து கைய எடுங்க. அப்புறமா கீழ இருக்கறதுல உங்க கோளாறு எதுன்னு தேடிக்கோங்க. கட்டணம் எல்லாம் பேங்குக்கு பேங்கு மாறும், நான் சொல்றத வச்சு உங்க பேங்க்ல ஒருக்கா கேட்டுக்கிறது உங்க பொறுப்பு.

எந்தக் கடையில தேச்சாலும் ஓடல, ஏடிஎம்லயும் ஓடல

அக்கவுண்ட்ல காசு இருக்கு, நேத்து வரைக்கும் மதுரையில ஓடுச்சு, இங்க எங்க போனாலும் "டிக்ளைன்ட்", "நாட் பெர்மிட்டட்"னு வருதுன்னா பெரும்பாலும் ஒரு சுவிட்சு ஆஃப்ல இருக்குன்னு அர்த்தம். 2020ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டாங்க, புதுசா குடுக்கற கார்டு, மாத்திக் குடுக்கற கார்டு எல்லாம் இந்தியாவுக்குள்ள ஏடிஎம்லயும் கடை மெஷின்லயும் மட்டும் தான் ஓடணும், வெளிநாடு, ஆன்லைன், டேப் பண்றது (கார்ட சொருகாம மெஷின் மேல காட்டுறது) இந்த மூணையும் கார்டு வச்சிருக்கவரு தானா ஆன் பண்ணிக்கிட்டா தான் உண்டுன்னு. திருட்டுக்கு பயந்து பண்ணது, நல்ல விஷயம் தான், ஆனா கவர்ல போட்டு கார்டு குடுக்கும்போது யாரும் இத வாயத் தொறந்து சொல்றதில்ல.

கொழும்பு வெள்ளவத்தையில எங்க கூட வந்த ஒரு ரிட்டயர்டு ஹெச்எம் சார் சம்சாரத்துக்கும் மருமகளுக்கும் மூணு சேலை எடுத்தாரு. சேலைய மடிச்சு கவர்ல போட்டாச்சு, கார்டு மூணு தடவ டிக்ளைன்ட். மனுசன் மூஞ்சியே செத்துப் போச்சு, "பென்ஷன் அக்கவுண்ட்டுங்க, ஒண்ணாந்தேதி தான் ஏறுச்சு"ன்னு மஞ்சப்பையில இருந்து பாஸ்புக்க எடுத்து கடைக்காரர்ட்ட நீட்டுறாரு. நான் போயி கடை வைஃபைய வாங்கி, சாரோட பேங்க் ஆப்பத் தொறந்து, கார்டுக்குள்ள போயி, செட்டிங்க்குள்ள போயி, இன்டர்நேஷனல்னு இருந்தத அமுக்குனா வரிசையா நாலு சுவிட்சு, கடை மெஷின், ஏடிஎம், ஆன்லைன், டேப், நாலும் சாம்பல் பூத்துக் கெடக்கு. கடை மெஷின் மட்டும் ஆன் பண்ணோம், ஓடிபி வந்துச்சு, போட்டோம், திரும்பத் தேச்சா திரும்பவும் டிக்ளைன்ட். என்னடா இதுன்னு கீழ தள்ளிப் பாத்தா லிமிட்டு சைபர்ல நிக்குது! சுவிட்சு ஆன் பண்ணா மட்டும் பத்தாது, பக்கத்துலயே ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு ஒரு லிமிட்டு இருக்கும், அத இழுத்து வைக்கணும். வச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சு தேச்சோம், மெஷின் சீட்டக் கக்குச்சு, சாருக்கு அப்ப தான் மூச்சு வந்துச்சு.

சுவிட்சும் ஆன், லிமிட்டும் இருக்கு, அப்பவும் ஓடலன்னா கார்டத் திருப்பி எந்தக் கம்பெனி முத்திரைன்னு பாருங்க. விசா, மாஸ்டர்கார்டுன்னா பொதுவா பிரச்சினை இல்ல. ரூபேன்னா, பக்கத்துல டிஸ்கவர், ஜேசிபி மாதிரி வெளிநாட்டு முத்திரை ஏதாச்சும் இருக்கணும், வெறும் ரூபே மட்டும் போட்டிருந்தா அது உள்ளூர் கார்டு, அத அங்க வச்சு என்ன தேச்சாலும் பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது. பென்ஷன் அக்கவுண்ட்டுக்கும் ஜன்தன் அக்கவுண்ட்டுக்கும் நிறைய பேர் கையில இருக்கறது இது தான், கெளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பேங்குக்குப் போயி இன்டர்நேஷனல் கார்டு கேட்டு வாங்கிருங்க.

அதுவும் சரியா இருந்தா கடைசியா ஒண்ணு, காலையில மதுரை, மத்தியானம் சிங்கப்பூர்னு கார்டு ஓடுறத பாத்து பேங்க் கம்ப்யூட்டரே சந்தேகப்பட்டு நிறுத்தி வச்சிருக்கும். அதுக்கு போன் போட்டு நான் தான்னு சொன்னா தான் தீரும். இங்க ஒரு கூத்து இருக்கு, கார்டு பின்னாடி போட்டிருக்கிற 1800 நம்பரு வெளிநாட்டுல இருந்து பெரும்பாலும் போகாது. +91ன்னு ஆரம்பிக்கிற நம்பர் ஒண்ணு தனியா இருக்கும், அத முன்கூட்டியே ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வைங்க, போன்லயே வச்சிருந்து போனே தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க.

சொருகுனா ஓடுது, டேப் பண்ணா ஓடல

டேப் சுவிட்சு ஆஃப். மேல சொன்ன அதே எடத்துல ஆன் பண்ணுங்க, அம்புட்டு தான்.

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலு கேட்ல மட்டும் இது பெரிய தலவலி, ஏன்னா அங்க சொருகவே எடம் கெடையாது, டேப் மட்டும் தான். விசா, மாஸ்டர்கார்டு வெளிநாட்டுக் கார்டா இருந்தாலும் கேட் தொறக்கும், ஆனா ஒரு நாளைக்கு 60 செண்டு தனியா புடிப்பாங்க. எங்க ஆளுக பண்ற தப்பு என்னன்னா, அப்பா டேப் பண்ணி உள்ள போயி கார்ட பின்னாடி மகளுக்கு குடுப்பாரு, பஸ் டிக்கெட் மாதிரி நாலு பேருக்கு ஒரு கார்டு ஆகும்னு. ஆகாது. ஆளுக்கு ஒரு கார்டு, எந்தக் கார்டுல உள்ள போனீங்களோ அதே கார்டுல தான் வெளிய வரணும். நாலஞ்சு நாள் இருக்கறதா இருந்தா அங்கயே ட்ராவல் கார்டு வாங்கிக்கிறது நிம்மதி.

ஓடிபி வரவே மாட்டேங்குது

ரெண்டு காரணம் தான். ஒண்ணு, கெளம்புறதுக்கு முன்னாடி ரோமிங் ஆன் பண்ணல. ரெண்டு, ஏர்போர்ட்ல அந்த ஊரு சிம்மு வாங்குன சந்தோஷத்துல நம்ம சிம்மக் கழட்டி டிஷ்யூ பேப்பர்ல மடிச்சு பர்ஸ்ல போட்டாச்சு. அந்த சிம்முக்கு தான்ங்க ஓடிபி வரும், பர்ஸுக்குள்ள வந்து என்ன பண்ண.

ரெண்டு சிம்மு போடுற போன்னா நம்ம சிம்மு ஒண்ணாவதுல இருக்கட்டும், அந்த ஊரு சிம்மு ரெண்டாவதுல. ஒரு சிம்மு போன்னா இ-சிம் (சொருகாம போனுக்குள்ளயே ஏத்துற சிம்மு) ஓடுமான்னு பாருங்க. டேட்டா ரோமிங்னு ஒண்ணு தனியா இருக்கு, அத மட்டும் ஆஃப் பண்ணி வைங்க, இல்லன்னா வாட்ஸ்அப்ல வர்ற குட்மார்னிங் படத்துக்கெல்லாம் பில்லு வரும். மெசேஜ் வர்றதுக்கு டேட்டா தேவையில்ல. சிம்மக் கழட்டி மாட்டுனீங்கன்னா சில யுபிஐ ஆப்பு திரும்ப முதல்ல இருந்து சரிபாக்கச் சொல்லும், வெளிநாட்டுல வச்சு அது முடியறது கஷ்டம், அதனாலயும் தான் கழட்டாதீங்கங்கறேன்.

பில்லு ஒரு தொகை, கழிஞ்சது வேற தொகை

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் இதுல தான், ஏன்னா இது கோளாறே இல்ல, நீங்களே அமுக்குன பட்டன்.

கார்ட சொருகுன ஒடனே மெஷின்ல ரெண்டு வரி வரும். ஒண்ணு அந்த ஊரு காசு, இன்னொண்ணு நம்ம இந்திய ரூபா, "உங்க ஊரு காசுலயே கட்டுறீங்களா"ன்னு பவ்யமா கேக்கும். நம்ம ஆளுக்கு ரூபாயப் பாத்த ஒடனே சொந்தக்காரனப் பாத்த மாதிரி, டக்குனு அமுக்கிருவாரு. அந்த ரேட்டு நம்ம பேங்க் போடுற ரேட்டு இல்ல, அந்த மெஷின் கம்பெனி போடுற ரேட்டு, அதுல அவங்க லாபத்த வச்சு தான் காட்டுவாங்க.

இலங்கையில இது இன்னும் மோசம், அங்கயும் ரூபா தான். பில்லுலயும் ரூபா, மெஷின்லயும் ரூபா, எது யாரு ரூபான்னே தெரியாது. நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க மூணு ரூபா சொச்சம் வரும், கணக்கு சுளுவா இருக்கட்டும்னு மூணரைன்னு வச்சுக்கோங்க. தேயிலை, மசாலா எல்லாம் சேத்து பில்லு 17,500 இலங்கை ரூபா. நம்ம காசுக்கு 5,000. அந்த ஊரு காசுல கட்டுனா, நம்ம பேங்க் வெளிநாட்டுல தேச்சதுக்கு கூடுதல் கட்டணமா மார்க்கப்புன்னு 3.5 சதவீதம் போடுதுன்னு வைங்க, அது 175 ரூபா, அந்த 175க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 31.50, மொத்தம் 5,206.50. இதே ஆளு இந்திய ரூபாய அமுக்குனா மெஷின் 5,300ன்னு காட்டும்னு வச்சுக்கோங்க. சரி, மார்க்கப்பாச்சும் மிச்சம்னு நெனைப்பீங்க, அதுவும் இல்ல, வெளிநாட்டுல ரூபாயில கட்டுனதுக்குன்னே பல பேங்க் ஒரு சதவீதம் மாதிரி தனியா புடிக்கும், அதுக்கும் ஜிஎஸ்டி. 5,362 கிட்ட வந்துரும். ஒரு பில்லுக்கு நூத்தம்பது ரூபா தானேன்னு விட்டா, அஞ்சு நாள்ல முப்பது தடவ தேச்சிருப்பீங்க.

அதனால மூணெழுத்தப் படிக்கப் பழகுங்க. ஐஎன்ஆர்னா நம்மளது, எல்கேஆர் இலங்கை, எஸ்ஜிடி சிங்கப்பூர், ஏஇடி துபாய் பக்கம். எந்த ஊருல நிக்கிறீங்களோ அந்த ஊரு எழுத்து. கடைக்காரரே நம்மளக் கேக்காம ரூபாய அமுக்கிருவாரு சில எடத்துல, அவருக்கு அதுல ஒரு பங்கு உண்டு. சீட்டு வந்த ஒடனே அங்கயே நின்னு பாருங்க, ஐஎன்ஆர்னு இருந்தா "கேன்சல் பண்ணி லோக்கல் கரன்சியில போடுங்க"ன்னு சொல்லுங்க. அப்ப முடியும். ரூமுக்குப் போயி வாட்ஸ்அப்ல எனக்கு போட்டோ அனுப்பி "யம்மா இது என்னம்மா"ன்னா நான் என்ன செய்ய.

ஏடிஎம்லயும் இதே கண்ணாமூச்சி இருக்கு. "கன்வர்ஷன ஏத்துக்கிறீங்களா, மறுக்கிறீங்களா"ன்னு வரும், மறுத்தா பணமே வராதுன்னு பயந்து ஏத்துக்கிறவங்க தான் அதிகம். மறுங்க. பணம் வரும், நம்ம பேங்க் ரேட்டுல வரும்.

இன்னொண்ணு, இது ஏமாத்து இல்ல: சீட்டுல அந்த ஊரு காசு தான் இருக்கு, ஆனா முதல் நாள் வந்த மெசேஜ்ல ஒரு தொகை, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஸ்டேட்மெண்ட்ல வேற தொகை. கணக்கு தீர்றதுக்கு நாளாகும், அன்னைக்கு என்ன ரேட்டோ அது விழும்.

யுபிஐ ஸ்கேன் பண்ணா எடுக்கல

மதுரையில பருத்திப்பால் வண்டியில கூட ஸ்கேன் பண்ணிப் பழகுன கை, அங்க போயும் க்யூஆரப் பாத்தா போன எடுத்துரும். எடுக்கலன்னா முதல்ல ஆப்புல யுபிஐ இன்டர்நேஷனல்னு இருக்கும், அத அந்த பேங்க் அக்கவுண்ட்டுக்கு ஆன் பண்ணிருக்கீங்களா பாருங்க, அதுவும் கொஞ்ச நாளைக்கு மட்டும் தான் ஆன்ல இருக்கும், தேதி முடிஞ்சா தானா ஆஃப் ஆயிரும். போன ட்ரிப்புல பண்ணேனேன்னு சொல்லக்கூடாது.

ஆன்ல இருந்தும் எடுக்கலன்னா அந்த க்யூஆர் யுபிஐயோட சேந்தது இல்ல. இலங்கையில 2024 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க, லங்கா க்யூஆர் போட்ட கடையில ஓடும். அதே சமயம் மொரீசியஸ்லயும் வந்துச்சு, பாரீஸ்ல ஈஃபில் டவர் டிக்கெட்டுக்கும் வந்துச்சு. சிங்கப்பூர், எமிரேட்ஸ், நேபாளம், பூட்டான்லயும் இருக்கு, ஆனா ஊருல இருக்கிற எல்லாக் கடையிலயும்னு அர்த்தம் இல்ல. இப்படி ஸ்கேன் பண்றது கடைக்குக் கட்ட மட்டும் தான், ஆளுக்கு அனுப்ப இல்ல. கொழும்புல ஆட்டோ அண்ணன்ட்ட "ஜிபே இருக்கா"ன்னு கேட்ட எங்க ஊரு மதினிய அவரு ஏற இறங்கப் பாத்த பார்வை இருக்கே. அவரு கையில காசு தான் கேட்டாரு, எங்க மதினி கையில காசு மட்டும் தான் இல்ல.

என் கணக்கு என்னன்னா யுபிஐய நம்பி வெளிநாடு போகாதீங்க, ஓடுனா லாபம்னு வச்சுக்கோங்க. பின் நம்பர் போடுறதுக்கு முன்னாடி ரூபாயில எவ்வளவுன்னு காட்டும், அத மட்டும் பாத்துட்டுப் போடுங்க.

ஏடிஎம்ல பணம் வரல, ஆனா அக்கவுண்ட்ல கழிஞ்சிருச்சு

மெஷின்ல இருந்து நகராதீங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க, சில மெஷின் லேட்டா தள்ளும். வரலன்னா மெஷின் மேல ஒட்டியிருக்கிற நம்பரு, பேங்க் பேரு, மணி இதெல்லாம் போட்டோ. சீட்டு வந்தா பத்திரம். அன்னைக்கே நம்ம பேங்குக்கு சொல்லி புகார் நம்பர் வாங்கிருங்க. தானா திரும்பி வர்றதும் உண்டு, வரலன்னா விசா, மாஸ்டர்கார்டு வழியா அந்த ஊரு பேங்க்ட்ட கேட்டு வாங்கணும், நாள் புடிக்கும். நம்ம ஊருல லேட்டானா ஒரு நாளைக்கு 100 ரூபா பேங்க் குடுக்கணும்னு ஒரு விதி இருக்குல்ல, அது இந்தியாவுக்குள்ள நடக்கிறதுக்கு மட்டும் தான், அத வச்சு சண்டை போடாதீங்க. ஆனா 30 நாள்ல பதில் இல்லன்னாலோ பதில் சரியில்லன்னாலோ பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்ட்ட போகலாம், 14448ல கூப்பிட்டா வழி சொல்வாங்க.

பின் நம்பர் தப்புன்னு ரெண்டு தடவ வந்தா மூணாவது தடவ போடாதீங்க, லாக் ஆயிரும். சேவிங்ஸா, செக்கிங்கா, கிரெடிட்டான்னு கேட்டா நம்ம டெபிட் கார்டுக்கு சேவிங்ஸ். கிரெடிட் கார்ட ஏடிஎம்ல சொருகவே சொருகாதீங்க, கட்டணம் தனி, எடுத்த நாள்ல இருந்தே வட்டி தனி. அப்புறம் அந்த ஊரு ஏடிஎம்காரனும் ஒரு தொகை புடிப்பான், தாய்லாந்துல வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட், சில பேங்க்ல அதுக்கு மேலயும். ஆயிரம் ஆயிரமா பத்து தடவ எடுக்கறதுக்கு ஒரே தடவையா எடுத்துருங்க.

ஃபாரெக்ஸ் கார்டுல காசு நெனச்சதுக்கு மேல கழியுது

ஃபாரெக்ஸ் கார்டுன்னா கெளம்புறதுக்கு முன்னாடியே வெளிநாட்டுக் காச ஏத்தி வச்சுக்கிற கார்டு, அதுக்குள்ள ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் தனித்தனி பை இருக்கும். அமெரிக்க டாலர் பையில மட்டும் போட்டுக்கிட்டு சிங்கப்பூர்ல தேச்சா அமெரிக்க டாலர்ல இருந்து அந்த ஊரு டாலருக்கு மாத்த ஒரு கட்டணம் விழும். ஆப்புலயே ஒரு பையில இருந்து இன்னொரு பைக்கு மாத்தலாம், இல்ல முதல்லயே சரியான காசுல போட்டுட்டு வாங்க.

ஹோட்டல்ல அட்வான்ஸ்னு புடிச்சு வச்சது ரூம காலி பண்ணியும் வரலன்னு சொல்றவங்களுக்கு: அது கழிஞ்சது இல்ல, நிறுத்தி வச்சிருக்கிறது, ஆனா விடுறதுக்கு நாள் கணக்காகும், அது வரைக்கும் உங்க காசு உங்களுக்கு இல்ல. அதுக்குத் தான் ஹோட்டல் கவுண்டர்ல மட்டும் கிரெடிட் கார்டு குடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிறேன்.

நோட்டு நல்ல நோட்டு தான், ஆனா மாத்த மாட்டேங்கறான்

மேலூர் பக்கம் ஒரு ஆத்தா எங்க கூட சிங்கப்பூர் வந்துச்சு, மகன் வீட்டுக்கு. சுருக்குப்பைய அவுத்து எட்டா மடிச்ச ஒரு நோட்ட எடுத்துச்சு, 100 டாலர், அமெரிக்காவுல இருக்கிற பேரன் முதச் சம்பளத்துல குடுத்தது. அத மூணு வருஷமா சாமி ரூம்ல வச்சு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குங்குமம் வச்சு, ஆயுத பூஜைக்கு சந்தனமும் தொளிச்சிருக்கு. லிட்டில் இந்தியாவுல காசு மாத்துற தம்பி நம்ம ஊருக்காரரு தான், நோட்ட வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, நடுவுல இருக்கிற தலைப்படத்தோட தாடையில செக்கச்செவேர்னு ஒரு பொட்டு. "ஆச்சி, இது எடுக்க மாட்டாங்க ஆச்சி"ன்னாரு. ஆத்தாவுக்கு கோவம், "சாமி காச வேணாம்ங்கறான் பாரு"ன்னுச்சு.

அவரு சொன்னது சரி தான். கறை, கிறுக்கல், ரப்பர் ஸ்டாம்பு, ஓரத்துல கிழிசல் இருந்தா காசு மாத்துறவங்க வாங்க மாட்டாங்க, இல்ல ரேட்டக் கொறப்பாங்க, ஏன்னா அவங்கட்ட இருந்து வாங்குறவங்க வேணாம்பாங்க. நம்ம ஊருல நோட்டு மேலயே கட்டுக்கணக்கு எழுதுற பழக்கம் இருக்கு பாருங்க, அது கண்டிப்பா வேணாம். தண்ணியில நனைச்சு தொடைக்காதீங்க, இன்னும் கெட்டுப் போகும். ரெண்டு மூணு கடை ஏறி எறங்குங்க, சிங்கப்பூர்னா செரங்கூன் ரோட்டுலயே வரிசையா இருக்கு, ஒருத்தர் வேணாம்னா இன்னொருத்தர் கொறச்சு எடுக்கலாம்.

பழைய நோட்டு பிரச்சினை வேற. டாலர்ல 1996க்கு முந்தி அச்சடிச்சதுல தலைப்படம் சின்னதா இருக்கும், அமெரிக்காவுல அது இன்னைக்கும் செல்லும், நம்ம பக்கத்து நாடுகள்ல மாத்துறவங்க மொகத்தச் சுளிப்பாங்க. பிரிட்டிஷ் பவுண்டு அப்படி இல்ல, பேப்பர் நோட்டு கடையில செல்லவே செல்லாது. 20, 50 பவுண்டு பேப்பர் நோட்டு 2022 செப்டம்பர் 30ஓட போச்சு, 5ம் 10ம் அதுக்கு முன்னாடியே போச்சு. இப்ப இருக்கறது பிளாஸ்டிக். பேப்பர் நோட்டு வீட்டுல கெடந்தா தூக்கிப் போட்டுராதீங்க, பேங்க் ஆஃப் இங்கிலாந்து மாத்திக் குடுக்கும்.

மதுரையில வாங்கும்போதே கவுண்டர்ல வச்சு ஒவ்வொரு நோட்டா விரிச்சுப் பாருங்க, பின்னாடி நிக்கிறவரு உச்சுக் கொட்டுனா கொட்டட்டும். கிழிஞ்சது வந்தா அங்கயே மாத்திக் கேளுங்க, வெளிய வந்தா உங்களுது.

மதுரையில கேட்ட காசு கெடைக்கல

டவுன்ஹால் ரோடு, மாசி வீதின்னு எங்கிட்டு சுத்துனாலும் டாலர், யூரோ, பவுண்டு, சிங்கப்பூர் டாலர், திர்ஹாம் கெடைக்கும், இலங்கை ரூபா, வியட்நாம் டாங் மாதிரி எல்லாம் கையில வச்சிருக்க மாட்டாங்க. டாலரா வாங்கிட்டுப் போயி அங்க மாத்துங்க. பெரிய தொகைன்னா ரெண்டு மூணு நாள் முன்னாடியே சொல்லி வைங்க.

பாஸ்போர்ட், பேன் கார்டு, டிக்கெட், விசா தேவைன்னா விசா கொண்டு போங்க. 50,000 ரூபாய்க்கு மேலன்னா கையில காசா வாங்க மாட்டாங்க, அக்கவுண்ட்ல இருந்து தான் போகணும். பொதுவா ஒரு ட்ரிப்புக்கு நோட்டா 3,000 டாலர் வரைக்கும் தான், மிச்சம் கார்டுல ஏத்திக்கணும். மாத்துற தொகை கம்மியா இருந்தாலும் ஜிஎஸ்டி 45 ரூபா கண்டிப்பா வரும், அதனால அம்பது டாலர் அம்பது டாலரா நாலு தடவ போகாதீங்க. ரேட்டு கேக்கும்போது போர்டப் பாத்து ஏமாறாதீங்க, போர்டுல ரெண்டு ரேட்டு இருக்கும், அவங்க வாங்குறது ஒண்ணு, விக்கிறது ஒண்ணு. "200 டாலர் என் கைக்கு வர்றதுக்கு எல்லாம் சேத்து எவ்வளவு தரணும்"னு ஒரே கேள்வியா கேளுங்க. மூணு கடையில கேட்டுட்டு அப்புறம் பேரம் பேசுங்க, முந்தி புதுமண்டபத்துல கடைக இருந்தப்ப துணி தைக்கக் குடுக்கும்போது பேசுவோம்ல, அதே மாதிரி தான், கொஞ்சம் எறங்கும்.

மீதி குடுத்தது கணக்கு சரியா வரல

சைபர் தான் பிரச்சினை. வியட்நாம்ல 20,000 டாங்கும் 500,000 டாங்கும் ரெண்டும் நீலம், ராத்திரி வெளிச்சத்துல ஒண்ணு போலயே இருக்கும். முதலாவது நம்ம காசுக்கு எழுபது ரூபா கிட்ட, ரெண்டாவது ஆயிரத்து அறநூறுக்கு மேல. ஒரு அண்ணே இளநிக்கு பெரிய நோட்டக் குடுத்துட்டு மீதி வாங்காம வந்துட்டாரு, திரும்பப் போனா அந்தம்மா வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு. பெரிய நோட்டு ஒரு பர்ஸ், சின்னது சட்டப்பையில, அவ்வளவு தான் வைத்தியம்.

ஓமன்ல நேர் எதிரு, ஒரு ரியாலுக்கு 1,000 பைசா, புள்ளிக்கு அப்புறம் மூணு நம்பரு இருக்கும். 1.500ன்னா ஒண்ணரை, ஆயிரத்தி ஐநூறு இல்ல.

ஊருக்கு வந்த அப்புறம் தெரியாத தொகை கழியுது

முதல்ல கார்ட ஆப்புல பிளாக் பண்ணுங்க, யோசனை அப்புறம். வெளிநாட்டு வெப்சைட்டு பலது ஓடிபி கேக்காமலே காசு எடுத்துரும், கார்டு நம்பரும் பின்னாடி மூணு நம்பரும் இருந்தா போதும். உங்க தப்பும் இல்ல, பேங்க் தப்பும் இல்லன்னா, தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு நஷ்டம் இல்லங்கறது 2017ல ரிசர்வ் பேங்க் போட்ட விதி. நாலுல இருந்து ஏழு நாள்னா கொஞ்சம் உங்க தலையில விழும். "பாப்போம், அடுத்த மாசமும் வருதா"ன்னு இருக்காதீங்க. மதுரை ஏர்போர்ட்ல பெட்டிக்கு நிக்கிறோம்ல, அந்த நேரத்துல இன்டர்நேஷனல் சுவிட்ச ஆஃப் பண்ணிருங்க, நான் எங்க ஆளுகள வரிசையா நிக்க வச்சுப் பண்ண வைப்பேன்.

மிச்சக் காச என்ன பண்றதுன்னு தெரியல

சில்லறைய யாரும் மாத்த மாட்டாங்க, அங்கயே ஏர்போர்ட்ல டீ குடிச்சு தீத்துட்டு வாங்க. நோட்ட ஊருக்கு வந்த 180 நாளுக்குள்ள மாத்திரணும், ஆனா 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் அடுத்த ட்ரிப்புக்குன்னு வீட்டுலயே வச்சுக்கலாம், தப்பில்ல. வாங்குன ரசீத தொலைக்காம வைங்க, விக்கும்போது கேப்பாங்க.

மேலூர் ஆத்தாவோட 100 டாலர் அந்தக் கணக்குக்குள்ள தான் வருது. சிங்கப்பூர்ல மாறாம அப்படியே சுருக்குப்பையிலயே திரும்பி வந்துச்சு. போன மாசம் பத்திரிகை வைக்க அவங்க வீட்டுக்குப் போனேன், சாமி ரூம்ல பழைய எடத்துலயே இருக்கு, ரெண்டாவதா ஒரு பொட்டோட.